அறையை முடிவு செய்த பிறகே பாதை

சென்னையிலிருந்து இராமேசுவரம் ஏறத்தாழ 560 கிலோமீட்டர். இளையவர்கள் விடியற்காலையில் காரை எடுத்தால் அன்று மாலையே போய்ச் சேர்ந்துவிடுவார்கள். எழுபதைத் தாண்டியவர்கள் அந்தக் கணக்கைப் போடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. எனக்கு முழங்கால் வலி. என் கணவர் இரத்த அழுத்தத்துக்காக எடுத்துக்கொள்ளும் மாத்திரையோ, காலை வேளையில் இரண்டு மூன்று முறையாவது அவரைக் காரிலிருந்து இறங்க வைத்துவிடும். ஆகவே எந்த ஊரில், எப்படிப்பட்ட அறையில் இரவு படுக்கப்போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்குத் தக்கபடிதான் சாலையைப் பிரித்துக்கொள்கிறோம்.

முதல் நாள் திருச்சியோடு நிறுத்திவிடுவோம். அதுவே சுமார் 330 கிலோமீட்டர். மறுநாள் புதுக்கோட்டை, திருமயம் வழியாகக் காரைக்குடி வரை இரண்டு மணி நேரப் பயணம்தான். இவ்வளவு மெதுவாகவா என்று பிள்ளைகள் கேலி செய்வதுண்டு. ஆனால் நம் பக்கத்துக் கோயில்கள் பெரும்பாலும் நண்பகலில் நடை சாத்தி, மாலை நான்கு மணியளவில்தான் மீண்டும் திறக்கின்றன. விடுதிகள் பலவற்றில் அறை கிடைப்பதும் நண்பகலுக்குத்தான். சாப்பிட்டுச் சற்றுக் கண்ணயர்ந்து, வெயில் தாழ்ந்தபின் கோயிலுக்குப் போகலாம். இருட்டிய பிறகு எதிரே வரும் லாரிகளின் விளக்கு வெளிச்சத்தில் கண் கூசும் தொல்லையும் இல்லை.

அறை பதிவு செய்வதில்தான் உண்மையான உழைப்பு இருக்கிறது. செயலிகளில் பார்த்தால் கட்டிலின்மேல் துண்டை அன்னம்போல் மடித்து வைத்த படம் தவறாமல் இருக்கும். குளியலறையின் தரை தெரியும் படம் அநேகமாக இராது. அதனால் பணம் கட்டுவதற்கு முன் விடுதியைத் தொலைபேசியில் அழைத்து, வரவேற்பில் இருப்பவரிடமே பேசிவிடுவேன். லிஃப்ட் இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் இருக்கிறது என்றுதான் பதில் வரும். தெருவிலிருந்து எட்டுப் படி ஏறினால்தான் அந்த லிஃப்டையே அடைய முடியும் என்பதை யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள். கார் நிற்கும் இடத்திலிருந்து கட்டில் வரைக்கும் மொத்தம் எத்தனை படி என்று கேட்பதே சரியான கேள்வி. மேற்கத்திய கழிப்பறை உண்டா, பக்கத்துச் சுவரில் கைப்பிடி இருக்கிறதா, வெந்நீர் எந்த நேரத்தில் வரும் என்பதையெல்லாம் பொறுமையாகக் கேட்க வேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் அறையில் குளிர்பெட்டி இருக்கிறதா என்றும் விசாரிப்பது நல்லது.

செட்டிநாட்டில் இந்த விசாரணை இன்னும் முக்கியம். கானாடுகாத்தான் போன்ற ஊர்களில் விடுதிகளாக மாறியிருக்கும் பெரிய வீடுகள் கண்ணுக்கு விருந்துதான்; ஆனால் வாசலில் உயரமான படிகள், கதவுக்குக் கதவு குறுக்கே நிலைப்படி, மாடி அறைக்குப் போனால் செங்குத்தான மரப்படிகள். ஈரக்காலோடு ஆத்தங்குடிக் கல் பதித்த தளத்தில் நடப்பதற்கு எனக்குத் துணிவில்லை. தரைத்தள அறை இல்லையென்றால், வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் காரைக்குடியிலேயே சாதாரண விடுதியில் தங்கிக்கொள்ளலாம்.

இராமேசுவரத்தில் மட்டும் வாடகை கூடினாலும் கோயிலுக்கு நடக்கும் தூரத்திலேயே தங்குவோம். இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் நீராடுபவர்கள் உடை மாற்றிய பின்னரே சுவாமி தரிசனத்துக்குப் போக முடியும் என்பதால், மாற்றுடை அணிய அறை அருகில் இருப்பது பெரும் உதவி.

திரும்பும்போது கொடைக்கானல் போகலாம் என்று எண்ணுபவர்கள் அறைப் பதிவோடு இ-பாஸ் எடுப்பதையும் மறக்கக் கூடாது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு அது கட்டாயமாக்கப்பட்டது.

எங்கள் வயதில் திடீர்க் காய்ச்சலோ மூட்டு வீக்கமோ பயணத்தைத் தடுத்துவிடலாம் என்பதால், சில நூறு ரூபாய் கூடினாலும், ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் பதிவையே நான் எடுப்பேன். ஓட்டுநருக்குப் படுக்க இடமும் குளிக்க வசதியும் உண்டா என்பதையும் அதே தொலைபேசி அழைப்பில் கேட்டுவிடுவேன். இல்லையென்று சொன்னால் அவருக்கும் ஓர் அறை சேர்த்தே போட்டுவிடுவோம். இரவெல்லாம் காருக்குள் கொசுக்கடியில் புரண்டவரை நம்பி மறுநாள் நெடுஞ்சாலையில் ஏறுவதற்கு நாங்கள் தயாராக இல்லை.