தாடைப் பக்கம் கை போனபோது

"யாரோ ஒருவருக்கு நாளைக்கு இது சாவி எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பதற்காக இன்றைக்கு நான் கடி வாங்க வேண்டுமா?"

கோபமாகக் கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன். உதவி நாயாகப் போகிற நாய்க்குட்டியைப் பயிற்சிக்கு முன் தன் வீட்டில் வளர்த்துத் தருபவர் அந்த அம்மா; போய்ப் பார்த்து வழி சொல்வது என் வேலை. சட்டைக் கையை மடித்து முன்கையைக் காட்டிவிட்டு, சாதாரணமாகத்தான் கேட்டார். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர். லேசாகப் பட்டாலே கன்றிவிடும். புதுக் கீறல்களுக்கு நடுவே பழைய கன்றல்கள் மஞ்சளாகிக் கிடந்தன.

குட்டி, லாப்ரடாரும் கோல்டன் ரிட்ரீவரும் கலந்தது. நான்கு மாதம். பகலெல்லாம் தங்கம். சாயங்காலம் ஆறு மணியானால் சோபாவைச் சுற்றி ஓட்டம், அப்புறம் நேராகக் கையில் வாய். "வாயைப் பொத்திப் பிடித்து ஒரு அதட்டு அதட்டினால் போதும், எங்கப்பா அப்படித்தான் பழக்கினார்" என்றார். வேல்ஸில் ஆட்டுப் பண்ணை வைத்திருந்த அப்பா. நான் வேண்டாம் என்றேன். அதற்குச் சொன்ன காரணம்தான் அந்தச் சாவி.

காரணம் பொய்யில்லை. சக்கர நாற்காலியில் இருப்பவருக்குக் கீழே விழுந்ததை எடுப்பது, சாக்ஸை உருவுவது, வாஷிங் மெஷினிலிருந்து துணியை இழுத்துப் போடுவது, கதவில் கட்டிய கயிற்றை இழுப்பது என்று உதவி நாய்க்குப் பாதி வேலை வாயால்தான். வாய் வைத்தாலே திட்டு விழும் என்று கற்றுக்கொண்ட நாய், பிற்பாடு கவ்வச் சொன்னால் நம் முகத்தைப் பார்த்துத் தயங்கி நிற்கும். அதனால்தான் கைக்குப் பதில் பொம்மையைக் கொடுக்கச் சொல்கிறோம். பல் தோலில் பட்டால் விளையாட்டை நிறுத்திவிட்டுத் தடுப்புக் கதவுக்கு அந்தப் பக்கம் போய்விட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல் தூக்கம். இந்த வயதில் நிறையத் தூங்க வேண்டும். சாயங்கால அழிச்சாட்டியத்தில் பாதி தூக்கக் கேடுதான். எல்லாம் சொன்னேன், அவரும் குறித்துக்கொண்டார். ஆனால் அவர் கேட்டதற்கு இது பதில் இல்லை.

சில வாரம் கழித்துப் போனபோது குட்டி மேலே பாயவில்லை, கையைச் சீண்டவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. பல் பார்க்கலாமென்று தாடைப் பக்கம் கையைக் கொண்டுபோனேன். சட்டென்று தலையைத் திருப்பிக்கொண்டது.

28 பால் பற்களும் விழுந்து 42 பற்கள் முளைக்கிற சமயம். ஈறு வலிக்கும், யார் தொட்டாலும் திருப்பும். அல்லது, யாரோ வாயைப் பொத்திப் பிடித்திருக்கிறார்கள். அந்த அம்மா டீ போட உள்ளே போயிருந்தார். படிவத்தில் 'தொட விடுகிறதா' என்ற இடத்தில் 'விடுகிறது. பல் முளைக்கிறது' என்று எழுதினேன். அவரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உள்ளதைச் சொல்லியிருப்பார், அப்படிப்பட்டவர். சொல்லியிருந்தால் குட்டியை வேறு வீட்டுக்கு மாற்றுகிற பேச்சு எழுந்திருக்கும். அந்த வயதில் பழகிய வீட்டிலிருந்து பிடுங்குவது அதற்கு நல்லதில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அப்படி நினைப்பது எனக்கு வசதி என்பதும் தெரியாமலில்லை.

பயிற்சிக்குப் போன பிறகு அது சாவிக்கொத்தைத் தயங்காமல் கவ்வுகிறது, பல் அழுந்தாமல் கையில் வைக்கிறது. நீ சொல்லிக்கொடுத்தது பலித்தது என்றார் கூட வேலை பார்ப்பவர். இருக்கலாம். பல் முளைத்து முடிந்ததும் தானே அடங்கியிருக்கவும் கூடும், பெரும்பாலான குட்டிகள் அடங்கிவிடும். இல்லை, அந்த அப்பாவின் வழியே... இதை எழுதக் கை கூசுகிறது. அந்த வழியில் வளர்ந்து, முகத்தருகே கை வந்தாலே மிரள்கிற நாய்களையும் பார்த்திருக்கிறேன்.

அந்த அம்மா இன்னொரு குட்டி வேண்டுமென்று கேட்டிருக்கிறார். கொடுக்கலாம் என்று பரிந்துரைத்திருக்கிறேன், கொஞ்சம் சாதுவான குட்டியாகப் பார்த்து.