நெக்கார்சுல்மில் ஒரு டிக்கிக் கண்ணாடி

வாளி நிறைய உடைந்த கார்க் கண்ணாடித் துகள். அதைத் தூக்கிக்கொண்டு தெருமுனையில் இருக்கும் பாட்டில் தொட்டிகளுக்குப் போனேன். வெள்ளைக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, பழுப்புக்கு ஒன்று. என் கண்ணாடி இளம்பச்சை. பச்சைத் தொட்டியின் வாயில் வாளியைச் சாய்க்கப் போன நேரத்தில் பின்னாலிருந்து ஒரு குரல்: “ஹால்ட்!”

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் பெரியவர். எழுபது வயது இருக்கும். மூன்று வருடமாகப் படிக்கட்டில் பார்த்து “க்ரூஸ் காட்” சொல்லியிருக்கிறோம். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் வந்து நிதானமாக விளக்கினார். இந்தத் தொட்டி பாட்டிலுக்கும் ஜாடிக்கும் மட்டும். ஜன்னல் கண்ணாடி, கார் கண்ணாடியெல்லாம் உருகும் விதமே வேறு. அதில் கலந்தால் பாட்டில் செய்கிறவர்களுக்குக் கஷ்டம். நகராட்சியின் மறுசுழற்சி மையத்துக்குத்தான் கொண்டு போக வேண்டும். சொல்லிக்கொண்டே வாளிக்குள் குனிந்து பார்த்தார். கறுப்புப் பசை ஒட்டிய ஒரு விளிம்புத் துண்டை இரண்டு விரலால் எடுத்தார்.

“கராஜில் நிற்கும் போர்ஷே 944 உங்களுடையதுதானே?”

ஆமாம் என்றேன். அந்தத் துண்டைத் திரும்ப வாளியில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

நான் கோயமுத்தூர்க்காரன். கணபதியில் அப்பாவுக்கு லேத் பட்டறை. செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் பந்தயக் கார் ஓடுவதைப் பார்த்து வளர்ந்த பையன்களில் ஒருவன். வாகன உதிரிபாக நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்து, ஜெர்மனியின் தென்மேற்கில் நெக்கார் ஆற்றங்கரையில் இருக்கும் நெக்கார்சுல்முக்கு வந்தேன். வந்ததும் நகராட்சி அலுவலகத்தில் முகவரி பதிந்தேன், ஜெர்மன் மொழி வகுப்பில் பி1 நிலை தேறினேன், குப்பையை நாலு விதமாகப் பிரிக்கக் கற்றுக்கொண்டேன், ஞாயிற்றுக்கிழமை சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று தெரிந்துகொண்டேன். எல்லாம் சரியாகத்தான் போனது. ஆனாலும் ஊர் என்னைத் தொடவில்லை, நானும் ஊரைத் தொடவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு நாளைப் பார்த்து ‘இதை என்ன செய்வது’ என்று யோசிக்கும் தனிமை புலம்பெயர்ந்த எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அந்த நேரத்தில்தான் இந்தக் கார். 1986-ம் வருடத்து போர்ஷே 944. போர்ஷே என்றால் ஸ்டுட்கார்ட் என்றுதான் நினைத்திருந்தேன். 924-ம் அதற்குப் பின் வந்த 944-ம் நான் தினமும் பஸ்ஸில் கடந்துபோகிற இந்த நெக்கார்சுல்ம் கார் ஆலையில் செய்தவை என்று தெரிந்தபோது அந்த மதில்சுவரே வேறு மாதிரி தெரிந்தது. பின்பக்கம் தண்ணீர் இறங்குகிறது என்பதால் கொஞ்சம் மலிவாகக் கிடைத்தது. 30 வருடம் தாண்டிய வண்டி, பழைய வண்டிகளுக்கென்று தரும் ‘எச்’ எண் பலகை உண்டு. இஞ்சின் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வருடத்துக்கு 191.73 யூரோ ஒரே வரி. ஆனால் வண்டி பழைய உருவத்திலேயே, பழைய பாகங்களின் தரத்திலேயே இருக்க வேண்டும். கண்ணாடிக்குப் பதிலாக பிளாஸ்டிக் ஷீட்டை ஒட்டி ஓட்டுகிற வழியெல்லாம் இங்கே ஆகாது.

இந்த வண்டிக்கு டிக்கியில் தகரக் கதவே கிடையாது. கூரையிலிருந்து வால் வரை வளைந்து இறங்கும் ஒரே பெரிய கண்ணாடி. அதன் விளிம்பைச் சுற்றி மெல்லிய உலோகச் சட்டம் பசையால் ஒட்டியிருக்கும். கீல், பூட்டுப் பின், கதவைத் தூக்கிப் பிடிக்கும் இரண்டு கேஸ் ஸ்ட்ரட் எல்லாம் அந்தச் சட்டத்தில்தான் மாட்டியிருக்கும். அழகு அங்கேதான், வியாதியும் அங்கேதான். முப்பது நாற்பது வருட வெயிலில் பசை செத்துப்போகும். ஸ்ட்ரட் இரண்டும் சட்டத்தை இரவும் பகலும் மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். கண்ணாடியின் கனமோ கீழே இழுக்கும். கொஞ்சம் கொஞ்சமாகச் சட்டம் கண்ணாடியை விட்டு விலகும். முதலில் மேடு பள்ளத்தில் ஒரு கிறீச் சத்தம் வரும். அப்புறம் ஸ்டெப்னி வைக்கும் குழியில் தண்ணீர் நிற்கும்.

சட்டத்தை முழுசாகப் பிரித்து மறுபடி ஒட்டிவிடலாம் என்று ஜனவரியில் தனியாக உட்கார்ந்தேன். பியானோ கம்பியால் மூன்று பக்கம் பசையை அறுத்தாகிவிட்டது. கீழ் மூலையில் கம்பி சிக்கியது. ஸ்க்ரூ டிரைவரின் நுனியைச் சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே விட்டு மெதுவாக நெம்பினேன். மெதுவாகத்தான். ‘டப்’ என்று ஒரு சத்தம். அவ்வளவு பெரிய கண்ணாடி ஒரு நொடியில் கல்கண்டு மாதிரி கொட்டி, கராஜ் தரை முழுக்கச் சிதறியது. என் கையில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் கை நடுங்குவது நிற்க வெகுநேரம் ஆனது.

அன்று இரவு அப்பாவிடம் சொன்னேன். “நம்ம பட்டறைல ரொம்பத் தண்ணி காட்டின உளி, ஓரத்துல தட்டினா துண்டாப் போகுமல்லங் கண்ணு? அது மாதிரிதான்” என்றார். சரியாகத்தான் சொன்னார். பின்கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, சட்டென்று குளிர்காற்று அடித்து இறுக்குவார்கள். மேல்பரப்பு அழுந்திக் கிடக்கும், உள்ளே இழுவிசை அடைபட்டுக் கிடக்கும். நடுவில் குத்தினால்கூடத் தாங்கும். விளிம்பில் சின்னக் காயம் பட்டால் அடைபட்டிருந்தது மொத்தமாக வெளியே வந்துவிடும். அதனால்தான் இறுக்கிய கண்ணாடியை அப்புறம் அறுக்கவும் முடியாது, துளை போடவும் முடியாது.

அந்த வாளியோடுதான் பெரியவரைச் சந்தித்தேன். தொட்டிக்குப் பக்கத்திலேயே நின்று பேசினார். அவர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர். அதுவும் எண்பதுகளில் 944 வரிசையில். கதவும் டிக்கியும் உடம்போடு சேரும் இடத்தில் இடைவெளி எல்லாப் பக்கமும் ஒரே அளவாக வருகிறதா என்று பார்த்துச் சரிசெய்வது அவர் வேலை. ‘ஷ்பால்ட்மாஸ்’ என்று ஒரு வார்த்தை சொன்னார், இடைவெளியின் அளவு. அந்த வார்த்தையைச் சொல்லும்போது கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் தானாகவே நாலு மில்லிமீட்டர் பிரிந்து நின்றன.

ஆலையின் கதையையும் அவர்தான் சொன்னார். எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு கார் விற்காமல், 1975-ல் ஆலையை மூடிவிடுவார்கள் என்ற பேச்சு எழுந்தது. ஏப்ரலில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் நெக்கார்சுல்மிலிருந்து ஹைல்பிரோன் வரை நடந்தே ஊர்வலம் போனார்கள். இவருக்கு அப்போது இருபது வயது. அதற்கப்புறம் இங்கே செய்யக் கிடைத்த 924 ஆலைக்கு உயிர் கொடுத்தது. “அந்த வண்டி இல்லையென்றால் நான் இந்த ஊரில் இருந்திருக்க மாட்டேன்” என்றார். வேலைக்காக ஊரை விட்டுப் போக வேண்டியிருக்கும் என்ற பயம் இந்த ஊர்க்காரருக்கும் ஒரு காலத்தில் இருந்திருக்கிறது. எனக்கு அது அதுவரை தோன்றியதே இல்லை.

உதவி செய்வீர்களா என்று கேட்டேன். மூன்று வருடத்தில் இந்த ஊரில் ஒருவரிடம் நான் வாய் திறந்து கேட்ட முதல் உதவி அது. எங்கள் ஊரில் ரோட்டோரம் பைக் நின்றால் கேட்காமலே நாலு பேர் வந்து குனிந்து பார்ப்பார்கள். இங்கே கேட்காமல் வருவது அடுத்தவர் விஷயத்தில் தலையிடுவது. கேட்டுவிட்டால், சொன்ன நாளில் சொன்ன நிமிடத்தில் சொந்தக் கையுறையோடு வந்து நிற்கிறார்கள். இதை யாராவது எனக்கு முதல் மாதமே சொல்லியிருக்கலாம்.

கண்ணாடி தேடுவது தனி அலைச்சல். என் காப்பீட்டில் கண்ணாடி உடைப்பு சேரவில்லை. இங்கே கட்டாயம் என்பது அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கான காப்பீடு மட்டும்தான். கண்ணாடி மாற்றும் கடையில் இந்த மாடல் கையிருப்பில் இல்லை என்றார்கள். பழைய வண்டிகளைப் பிரித்து விற்பவர்களிடம் விசாரித்தால் பாதிக்கு மேல் பின் வைப்பருக்குத் துளை உள்ள கண்ணாடி. என் வண்டியில் வைப்பர் இல்லை. துளையில்லாத கண்ணாடி கடைசியில் வூர்ட்ஸ்பர்க் தாண்டி ஒரு கிராமத்தில் கிடைத்தது. 924-லிருந்து கழற்றியது, அதுவும் இதுவும் ஒன்றுதான். கூட வேலை பார்க்கும் நண்பர் தன் நீள வண்டியைக் கொடுத்தார். அம்மா கட்டாயப்படுத்தி என் பெட்டியில் வைத்து அனுப்பிய பவானி ஜமுக்காளம் அதுவரை அலமாரியில் மடித்தபடியே கிடந்தது. சிவப்பும் பச்சையும் பட்டை பட்டையாக ஓடும் அந்த ஜமுக்காளத்தில் கண்ணாடியைச் சுற்றி, ஏ81 நெடுஞ்சாலையில் நூறுக்கு மேல் போகாமல் கொண்டுவந்து சேர்த்தேன்.

மறுநாளே ஒட்டிவிடும் அவசரம் எனக்கு. பெரியவர் கராஜ் சுவரில் இருந்த வெப்பமானியைக் காட்டினார். மூன்று டிகிரி. யூரித்தேன் பசை காற்றில் இருக்கும் ஈரத்தை எடுத்துக்கொண்டுதான் இறுகும். குளிர்காலக் காற்றில் சூடும் இல்லை, ஈரமும் போதாது. “ஏப்ரல்” என்றார். பிப்ரவரி, மார்ச் முழுக்கக் கார் பிளாஸ்டிக் ஷீட்டைப் போர்த்திக்கொண்டு நின்றது. அந்த வாரங்களில் அவர் சனிக்கிழமை தோறும் வந்தார். சட்டத்திலிருந்த செத்த பசையை இருவரும் பிளாஸ்டிக் சுரண்டியால் சுரண்டினோம். உலோகத்தால் தொடவே விடவில்லை.

ஏப்ரல் இரண்டாவது சனி. பதினாறு டிகிரி, முந்தின இரவு மழை. சட்டத்தை மேசையில் வைத்து ஒட்டினால் முறுக்கிக்கொள்ளும், அப்புறம் வண்டியில் உட்காராது என்பது அவர் கணக்கு. அதனால் சட்டத்தை முதலில் வண்டியிலேயே மாட்டி, ஸ்ட்ரட்டைக் கழற்றிவிட்டு, கதவை மூடிய நிலையில் பூட்டினோம். உடம்பின் வளைவைச் சட்டம் தானே வாங்கிக்கொண்டது. பசை இல்லாமல் மூன்று தடவை கண்ணாடியை வைத்து எடுத்தோம். இடம் சரியானதும் கூரைக்கும் கண்ணாடிக்கும் குறுக்கே டேப் ஒட்டி, சேரும் கோட்டில் பிளேடால் கீறிவிட்டார். மறுபடி வைக்கும்போது டேப்பும் டேப்பும் சந்தித்தால் போதும். கண்ணாடி விளிம்பில் கறுப்பு பிரைமர் பூசினோம். வெயில் பசையைத் தின்னாமல் காப்பது அதுதான். பசைக் குழாயின் மூக்கை முக்கோணமாக வெட்டினார். அதிலிருந்து பசை குட்டி மலைத்தொடர் மாதிரி நிமிர்ந்து, எங்கும் அறுபடாமல் சட்டத்தைச் சுற்றி வந்தது. அந்த ஒரு சுற்று முழுக்க அவர் மூச்சுவிட்ட மாதிரியே தெரியவில்லை.

உறிஞ்சு கைப்பிடியைப் பிடித்து ஆளுக்கு ஒரு பக்கம் தூக்கினோம். பாதி வழியில் என் பக்கத்துக் கைப்பிடி லேசாக விட்டுக்கொடுத்தது.

“பாஸ் அவுஃப்!”

பார்த்து என்று கத்தினார். அது ‘நீ’ போட்டுச் சொல்கிற ‘பாரு’. மரியாதையாகச் சொல்வதென்றால் ‘பாசன் ஸீ அவுஃப்’ என்றிருக்க வேண்டும். முழங்காலால் தாங்கிப் பிடித்துச் சமாளித்தேன். டேப்பும் டேப்பும் சந்தித்தன. கண்ணாடி உட்கார்ந்தது.

மேலே மெத்தென்ற பாரம் வேண்டும் என்றார். வீட்டுக்கு ஓடி, ஹைல்பிரோன் தமிழ்க் கடையில் வாங்கி வைத்திருந்த ஐந்து கிலோ பொன்னி அரிசிப் பை நாலையும் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தேன். அவர் ஒவ்வொன்றையும் கையில் தூக்கிப் பார்த்து மூலைக்கு ஒன்றாக வைத்தார். பசை இறுக ஒரு நாள் போதும் என்று குழாயில் போட்டிருந்தது. அவர் ஒரு வாரம் என்றார்.

வேலை முடிந்து கராஜ் வாசலில் ட்ரோலிங்கர் ஒயினை இரண்டு கிளாஸில் ஊற்றினார். அவசரத்தில் ‘நீ’ சொல்லிவிட்டதாகவும், அதை அப்படியே வைத்துக்கொள்ளலாமா என்றும் முறையாகக் கேட்டார். இந்த ஊரில் வயதில் மூத்தவர்தான் அதைக் கேட்க வேண்டும். கிளாஸை முட்டி, தன் பெயரைச் சொன்னார். கோயமுத்தூரில் பக்கத்து வீட்டு ஐந்து வயதுப் பையனையே ‘வாங்க, சாப்டீங்களா’ என்று கேட்டு வளர்ந்த வாய் எனக்கு. அப்பாவைவிட மூத்தவரைப் பெயர் சொல்லி, நீ என்று கூப்பிடுவதற்கு நாக்கு எழவே இல்லை. ஒரு வாய் ஒயின் குடித்துவிட்டுச் சொன்னேன். தலையாட்டிக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்து ஸ்ட்ரட்டை மாட்டினோம். கீழே இரண்டு பூட்டுப் பின்னையும் அரைத் திருகு, கால் திருகாகத் திருப்பி, சுற்றிலும் பிளாஸ்டிக் ஆப்பை விட்டு இடைவெளி பார்த்தார். இடப்பக்கம் வலப்பக்கம் இரண்டும் ஒன்றாக வந்ததும் கையைத் துடைத்துக்கொண்டார். கண்ணாடியில் படியும் பனிமூட்டத்தைப் போக்கும் சூட்டுக் கம்பிகளின் வயரை இணைத்து, கண்ணாடியில் ஊதிவிட்டுப் பட்டனை அழுத்தினேன். ஒவ்வொரு கோடாகத் தெளிந்தது.

அப்புறம் அவர் ஸ்டெப்னி குழிக்குள் பழைய ‘ஹைல்பிரோனர் ஸ்டிம்மே’ செய்தித்தாளை விரித்து வைத்து, மழைக்குக் காத்திரு என்றார். திங்கள் இரவு கொட்டித் தீர்த்தது. செவ்வாய் காலை ஆறரைக்கு வீட்டு மணி அடித்தது. கீழே அவர், மழைக்கோட்டும் டார்ச்சுமாக. “வா” என்றார்.

கதவைத் தூக்கினோம். கம்பளத்தை விலக்கி செய்தித்தாளை எடுத்தார். நாலு மூலையையும் விரலால் தடவிப் பார்த்து என்னிடம் நீட்டினார். மொறமொறவென்று இருந்தது. அதே இடத்தில் அப்பாவுக்கு வீடியோ போட்டுக் காட்டினேன். அப்பா அந்தத் தாளைப் பார்க்கவில்லை. “பக்கத்துல நிக்கறவரைக் காட்டு சாமி” என்றார். செல்லைத் திருப்பினேன். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வார்த்தையும் கிடையாது. அப்பா இரண்டு கையையும் கூப்பினார். இவர் டார்ச்சை அக்குளில் இடுக்கிக்கொண்டு, அதே மாதிரி கூப்பினார்.