ஆய்வேட்டின் மேல் புகார் வந்தால்

சிவப்பில் 47% என்று ஒரு எண். அதன் கீழே ஆய்வேட்டின் தலைப்பு, ஆய்வாளர் பெயர், கல்லூரியின் பெயர். இப்படி ஒரு ஸ்கிரீன்ஷாட் காலையில் ஏதோ ஒரு ஆசிரியர் வாட்ஸப் குழுவில் விழுந்தால், மத்தியானச் சோற்று நேரத்துக்குள் பொள்ளாச்சியிலிருந்து மேட்டூர் வரை போய்விடும். சாயங்காலம் பெருந்துறையிலிருந்து சித்தப்பா கூப்பிடுவார்: "ஏங்கண்ணு, நீ என்னமோ ஆரோ எழுதுனதப் பாத்து எழுதிப்போட்டீன்னு பேசிக்கிறாங்களே, நெசமா?" அந்த எண் எதை எண்ணிச் சொல்கிறது என்பது படத்தை அனுப்பியவருக்கும் தெரிந்திருக்காது, கேட்பவருக்கும் தெரியாது.

கருத்துத் திருட்டு திருட்டுதான். நொய்யல் கரையில் கிணறு கிணறாகத் தண்ணீர் மொண்டு, மூன்று பருவம் அலைந்து ஒருவர் போட்ட அட்டவணையை, இன்னொருவர் ஒரே ராத்திரியில் தன் பெயரில் ஏற்றிக்கொண்டால் பறிபோவது வெறும் வாக்கியமல்ல. பறிகொடுத்தவருக்காகவும் பழி சுமப்பவருக்காகவும் விசாரணை ஒழுங்காக நடக்க வேண்டும். எங்கே ஒழுங்கு கெடுகிறது என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்த எண். இந்த எண்ணைப் போட்டு ரிப்போர்ட் தரும் ஒப்பீட்டு மென்பொருள், திருட்டைத் தேடுவதில்லை. தன்னிடம் உள்ள கோப்புகளில் இதே சொல்வரிசை வேறெங்காவது இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. எனவே ரிப்போர்ட் கைக்கு வந்ததும் மொத்தச் சதவீதத்தைப் பார்ப்பதற்கு முன், எவற்றை விலக்கி எண்ணினார்கள் என்று பாருங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018ஆம் ஆண்டு விதிமுறைப்படி, உரிய முறையில் மேற்கோள் காட்டிய பகுதி, துணைநூற்பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை, பொதுவான கலைச்சொற்கள், சட்டங்கள், நிலையான குறியீடுகள், சமன்பாடுகள் ஆகியவை கணக்கில் வரக்கூடாது. பொதுவாக வழங்கும் தொடர்களும் தற்செயலாக ஒத்துப்போகும் தொடர்களும் தொடர்ச்சியாக 14 சொற்கள் வரை விலக்கு. இந்த விலக்குகளை மென்பொருளில் யாராவது தேர்ந்தெடுத்தால்தான் அவை நடைமுறைக்கு வரும். நூலகத்தில் அவசரமாக ஓட்டினால், முப்பது பக்கத் துணைநூற்பட்டியலும் சேர்ந்து எண்ணப்பட்டுவிடும்.

அடுத்து, எண்ணைப் பிரித்துப் பாருங்கள். அறுபது இடங்களிலிருந்து அரை அரைச் சதவீதமாகச் சேர்ந்த 30% வேறு, ஒரே ஆய்வேட்டிலிருந்து வந்த 18% வேறு. பின்னதுதான் கவலைக்குரியது. எந்த இயலில் என்பதும் முக்கியம். சாயக்கழிவு நீர் எவ்வளவு மாசுபட்டது என்று காட்டும் பிஓடி, சிஓடி அளவுகளை அளக்கும் முறை எந்த ஆய்வேட்டிலும் ஏறக்குறைய ஒரே வார்த்தைகளில்தான் இருக்கும். அதே கரைசல், அதே நேரம், அதே வெப்பநிலை. திருப்பூரைப் பற்றி எழுதுகிற யாரும் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதைச் சொல்லாமல் நகர முடியாது. பொருந்தும் வரிகளுக்கு ரிப்போர்ட் பூசும் வண்ணம் அங்கே இருந்தால் பதற வேண்டாம். முடிவுகள், விவாதம் ஆகிய இயல்களில் பத்தி பத்தியாக வண்ணம் இருந்தால் அது வேறு பேச்சு.

இரண்டு பொறிகளில் பலரும் விழுகிறார்கள். ஒன்று, தன் ஆய்வேடே தன் மேல் மோதுவது. வரைவை முன்பே ஒருமுறை ஏற்றி, மென்பொருளின் சேமிப்பில் வைக்கும்படி விட்டிருந்தால், இறுதிப் படியை ஏற்றும்போது 90க்கு மேல் காட்டும். இயலை முன்பே கட்டுரையாக வெளியிட்டிருந்தாலும் இதே கதி. தன் கட்டுரையைத் தானே மறுபடி பயன்படுத்துவது பற்றி யுஜிசி 2020 ஏப்ரலில் தனி அறிவிப்பு வெளியிட்டது. முந்தைய வெளியீட்டைச் சொல்லாமல் மறைப்பதுதான் அங்கே குற்றம். இன்னொன்று, காலவரிசை. பொருந்துவதாகக் காட்டும் மூலம் உங்கள் ஆய்வேட்டுக்குப் பின் வந்ததாக இருக்கலாம். உங்களிடமிருந்து எடுத்தவர் அசலாகவும் நீங்கள் நகலாகவும் ரிப்போர்ட்டில் தெரிவீர்கள். இந்திய ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கும் இணையதளமான ஷோத்கங்காவில் ஏறிய தேதியை மட்டும் நம்பாமல், ஆய்வேடு சமர்ப்பித்த தேதியையும் வாய்மொழித் தேர்வான வைவா நடந்த தேதியையும் எடுத்து வையுங்கள்.

தமிழில் எழுதிய ஆய்வேடு என்றால் இந்த எண்ணை இன்னும் குறைவாகவே நம்ப வேண்டும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து பிடிஎஃப் ஆக்கிய ஆய்வேடுகள் நம் பல்கலைக்கழகங்களில் ஏராளம். திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளின் குவியல். யுனிகோடில் எழுதிய புது ஆய்வேட்டை அதோடு ஒப்பிட்டால் ஒன்றும் பொருந்தாது. ஸ்கேன் செய்து ஏற்றியவை வெறும் படங்கள். ஆக, 2005இல் வந்த ஆய்வேட்டை அப்படியே பெயர்த்து எழுதியவருக்கு 3% வரலாம். சங்கப் பாடல்களை நேர்மையாக எடுத்துக்காட்டியவருக்கோ, பாடலை மேற்கோள் குறி போடாமல் உள்தள்ளி அச்சிட்ட குற்றத்துக்காக 35% வரலாம். 14 சொல் கணக்கும் தமிழுக்குப் பொருந்தாது. ஆங்கிலத்தில் 14 சொல் ஒரு வாக்கியத்தின் பாதி. 'பயன்படுத்திக்கொண்டிருந்தவர்களுக்கு' என்பதை ஒரே சொல்லாக எண்ணும் மொழியில் 14 சொல்லுக்குள் ஒரு முழுக் கருத்தே அடங்கிவிடும். ஆங்கில நூலை மொழிபெயர்த்துத் தன் பெயரில் போட்டவரைப் பல நேரம் எந்த மென்பொருளும் பிடிப்பதில்லை. துறையில் ஊறிய ஒரு மனிதர் உட்கார்ந்து படித்தால்தான் பிடிபடும்.

அந்த யுஜிசி விதிமுறையின் தண்டனைப் படிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆய்வேட்டுக்கு 10% வரை தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை, ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை, திருத்திய படியைக் கொடுக்க ஓராண்டுத் தடை. 60ஐத் தாண்டினால் பதிவு ரத்து. ஆசிரியரின் கட்டுரை என்றால் இரண்டாம் படியில் (40க்கு மேல் 60 வரை) கட்டுரையைத் திரும்பப் பெறுவதோடு ஓர் ஆண்டு ஊதிய உயர்வு போகும், இரண்டாண்டு புது ஆய்வாளரை எடுக்க முடியாது. மூன்றாம் படியில் (60க்கு மேல்) இரண்டு ஊதிய உயர்வும் மூன்றாண்டும். ஏற்கெனவே பட்டம் வாங்கியவருக்குப் பட்டம் நிறுத்திவைக்கப்படும்.

இந்தத் தண்டனைகளுக்கு முன்னால் விதிமுறை ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது. குற்றம் ஐயமின்றி உறுதியாகி, மேல்முறையீட்டு வழிகள் எல்லாம் முடிந்து, தன் பக்கத்தைச் சொல்லப் போதிய வாய்ப்பு கொடுத்த பிறகே தண்டிக்கலாம். புகார் முதலில் துறை அளவிலான மூவர் குழுவுக்குப் போக வேண்டும். துறைத்தலைவர் தலைவர், துறைக்கு வெளியிலிருந்து ஒரு மூத்த ஆசிரியர், மென்பொருளை நன்கு அறிந்த ஒருவர். 45 நாளில் அறிக்கை. அது நிறுவன அளவிலான நால்வர் குழுவுக்குப் போகும். அதில் ஒருவர் நிறுவனத்துக்கு வெளியிலிருந்து வர வேண்டும். அங்கும் 45 நாள். அறிக்கையின் நகலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கொடுத்தாக வேண்டும். முதல் நாளே ஸ்கிரீன்ஷாட் வெளியானால், இந்த 90 நாளும் வெறும் சடங்காகிவிடுகிறது. குழு ஒருமுறைகூடக் கூடியிருக்காது, ஊர் தீர்ப்பு எழுதியிருக்கும்.

புகாருக்கு ஆளானவர் முதலில் செய்ய வேண்டியது, வாட்ஸப் குழுவில் பதில் எழுதாமல் இருப்பது. கோபத்தில் எழுதும் ஒவ்வொரு வரியும் விசாரணையில் உங்களுக்கே எதிராக வாசிக்கப்படும். எந்தக் கோப்பையும் அழிக்காதீர்கள், திருத்தாதீர்கள். தேதியோடு இருக்கும் பழைய வரைவுகள், கைடுக்கு (ஆய்வு நெறியாளருக்கு) அனுப்பிய மின்னஞ்சல்கள், கள ஏடு, நேர்காணல் ஒலிப்பதிவு, மூலத் தரவு எல்லாவற்றையும் நகலெடுத்து வேறிடத்தில் வையுங்கள். புகாரின் நகலையும் இணைத்த சான்றையும் எழுத்தில் கேளுங்கள். "வாய்வார்த்தையா ஒரு விளக்கம் குடுங்க போதும்" என்று துறைத்தலைவர் சொன்னால், மரியாதையாக, "எழுத்துல குடுத்தீங்கன்னா எழுத்துலயே பதில் தந்துடறேனுங்க சார்" என்று சொல்லிவிடுங்கள்.

பிறகு உட்கார்ந்து ஓர் அட்டவணை போடுங்கள். பக்கமும் வரியும், எதோடு பொருந்துகிறது, உங்கள் அடிக்குறிப்பு எங்கே இருக்கிறது, உங்கள் விளக்கம் என்ன. நூறு வரி வந்தாலும் சலிக்காமல் எழுதுங்கள். மூலத்தைச் சொல்லி மேற்கோள் குறி மட்டும் விட்டுப்போனதை அப்படியே சொல்லுங்கள். மூலமே சொல்லாமல் விட்டதையும் ஒப்புக்கொள்ளுங்கள். நான்கு பத்தி உண்மையில் எடுத்ததுதான் என்றால் அதை முதலிலேயே ஒத்துக்கொண்டவரின் மீதி விளக்கத்தைக் குழு நம்பும். எல்லாவற்றையும் மறுப்பவரின் நியாயமான விளக்கமும் எடுபடாது. குழுவில் இருப்பவரின் மேலேயே புகார் இருந்தால் அவர் விலக வேண்டும் என்று விதியே சொல்கிறது. உங்கள் கைடே துறைத்தலைவராகவும் இருந்து, அவர் பெயர் புகாருக்கு ஆளான கட்டுரையில் இருந்தால், விலகக் கோரி எழுத்தில் கேளுங்கள். நீதிமன்றம் வரை போவதாக இருந்தால் கரூர்க்காரர்களுக்கு மதுரைக் கிளை, கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலத்துக்காரர்களுக்குச் சென்னை.

கைடைப் பற்றி ஒரு வார்த்தை. ஆய்வேட்டில் கருத்துத் திருட்டு இல்லை என்று கையெழுத்துப் போட்டுச் சான்று கொடுத்தவர் அவர். புகார் வந்ததும் சான்று மறந்துபோய், "நான் என்ன பண்றதுங்க, பையன் இப்பிடிப் பண்ணிப்போட்டான்" என்று ஒதுங்குவது எனக்குப் பொறுக்காத காரியம். சுயநிதிக் கல்லூரியில் வாரம் முழுக்க வகுப்பெடுத்துவிட்டு, ராத்திரியில் பகுதிநேரமாக ஆய்வு எழுதுகிற ஆசிரியருக்கு, மேற்கோள் எப்படிக் காட்டுவது என்று யாரும் ஒரு நாள்கூட உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். அது திருட்டுக்கு நியாயமாகாது. ஆனால் பழி ஒருவர் தலையில் மட்டும் இறங்கக்கூடாது.

புகார் கொடுப்பவருக்கும் இதே கண்டிப்பு உண்டு. தகுந்த சான்றோடு குழுவிடம் கொடுக்க வேண்டும் என்பதுதான் விதி. சதவீதத்தை அனுப்பினால் அது சான்றாகாது. இடப்பக்கம் அசல், வலப்பக்கம் நகல், பக்க எண்ணோடு. உங்கள் உழைப்புத்தான் திருடப்பட்டது என்றால் உங்கள் ஆத்திரம் நியாயமானது. அதை வாட்ஸப்பில் கொட்டினால் எதிராளி அவதூறு என்று திருப்பிவிடுவார். குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் இரண்டாண்டு வரை சிறைக்கு இடமிருக்கிறது. திருடியவரை விட்டுவிட்டு உங்களை விசாரிப்பார்கள்.

பொதுவெளியில் ஆராய்வதே தவறு என்று நான் சொல்லவில்லை. 2011இல் ஜெர்மனியின் பாதுகாப்பு அமைச்சர் குட்டன்பெர்க்கின் முனைவர் ஆய்வேட்டை இணையத்தில் பலர் கூடிப் பக்கம் பக்கமாக ஒப்பிட்டார்கள். பல்கலைக்கழகம் பட்டத்தைப் பறித்தது, மார்ச் 1ஆம் தேதி அவர் பதவி விலகினார். சான்றை யார் வேண்டுமானாலும் சரிபார்க்க முடிந்தது, ஆளும் அதிகாரத்தில் இருந்தவர். 2024 பிப்ரவரியில் அதே நாட்டின் ஒரு பெரிய நாளிதழின் துணை ஆசிரியர் அலெக்ஸாண்ட்ரா ஃபெடர்ல்-ஷ்மிட் மேல் இதே குற்றச்சாட்டு எழுந்தது. விசாரணை முடியவில்லை. செய்தி பரவிய சில நாளில் அவர் காணாமல் போனார். போலீஸ் ஆற்றங்கரையெல்லாம் தேடி, மறுநாள் உடல் குளிர்ந்துபோன நிலையில் உயிரோடு மீட்டது. மே மாதம் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகம், பட்டத்தைப் பறிக்கும் அளவுக்குத் தவறு இல்லை என்று முடித்துவிட்டது. பிப்ரவரிச் செய்தியைப் படித்தவர்களில் எத்தனை பேர் மே மாதச் செய்தியைப் படித்திருப்பார்கள்?

நம் பக்கத்தில் இதன் வலி வீட்டுக்குள் இறங்கும். குடும்பத்தில் முதல் பட்டதாரி, ஊரில் "டாக்டரு" என்று பெயர் வாங்கியவர். அப்பா சந்தைக்குப் போனாலும் அம்மா கோயிலுக்குப் போனாலும் கேள்வி. பெண் பார்க்கிற பேச்சு நடந்துகொண்டிருந்தால் அப்படியே நிற்கும். நிர்வாகம், "கொஞ்ச நாள் லீவுல இருங்க" என்று சொல்லும், அந்த லீவுக்குச் சம்பளம் இருக்காது. எழவு வீட்டுக்கு வருவதுபோல் ஆட்கள் வந்து உட்கார்ந்து போவார்கள். வீட்டில் இருப்பவர்கள் "செஞ்சியா, செய்யலியா" என்று கேட்காதீர்கள், அதைக் கேட்கக் குழு இருக்கிறது. சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேளுங்கள். விசாரணைக்குப் போகும் நாளில் ஒருவர் கூடப் போய் வெளியே காத்திருங்கள். போனை ராத்திரி வாங்கி வையுங்கள். தூக்கம் போய், சாப்பாடு போய், "என்னால எல்லாருக்கும் அவமானம்" என்ற பேச்சு வந்தால் தனியே விடாதீர்கள். மனநல உதவி எண் 14416க்கும் சுகாதார உதவி எண் 104க்கும் எந்நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள்.

விசாரணை முடிந்து குற்றமில்லை என்றால் வேலை அத்தோடு தீராது. ஆணையைக் கையெழுத்து, முத்திரையோடு வாங்குங்கள். பணிப்பதிவேட்டில் ஒரு நகல் சேர்க்கச் சொல்லுங்கள். பிடித்தம் செய்த சம்பளத்தை எழுத்தில் கேளுங்கள். கல்லூரி முதல்வரிடம் சொல்லி, அந்த 47% எந்தக் குழுவில் விழுந்ததோ அதே குழுவில், அதைப் போட்டவர் கையாலேயே அந்த ஆணையைப் போடச் செய்யுங்கள். அடுத்த முறை சித்தப்பா கூப்பிடும்போது படிக்க அவருக்கும் ஒரு நகல் அனுப்பிவிடுங்கள்.