நிறமி அடையாளத் தேர்வு: தனிமப் படத்தைப் பார்த்ததும் பெயரை எழுதிவிடாதீர்கள்

ஓவியப் பாதுகாப்பு அறிவியல் படிக்க வருபவர்கள் நிறமி அடையாளத் தாளைப் பார்த்துத்தான் அதிகம் பயப்படுகிறார்கள். நெதர்லாந்தில் நான் எழுதிய தாளில் ஓவியத்தின் ஒரு பகுதி, அதே பகுதியின் எக்ஸ்ஆர்எஃப் தனிமப் படங்கள் (எக்ஸ்-கதிர் பட்டதும் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் உமிழும் கதிரை வைத்து, எது எங்கே இருக்கிறது என்று காட்டுபவை), ஒன்றிரண்டு பிரதிபலிப்பு நிறமாலைகள் (எந்த அலைநீள ஒளி எவ்வளவு திரும்பி வருகிறது என்ற வளைவுகள்) கொடுத்திருந்தார்கள். எந்த நிறமி, எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்பதே கேள்வி.

எந்தத் தனிமத்துக்கு எந்த நிறமி என்ற அட்டவணையில்தான் எல்லோரும் தொடங்குவோம். பாதரசம் என்றால் வெர்மிலியன் என்ற சிவப்பு, ஈயமும் வெள்ளீயமும் சேர்ந்து வந்தால் ஈய-வெள்ளீய மஞ்சள், கோபால்ட் என்றால் ஸ்மால்ட் என்ற நீலக் கண்ணாடித் தூள். இது மனப்பாடமாக இருக்க வேண்டும்தான். ஆனால் மதிப்பெண் கிடைப்பது அதற்கு அப்புறம் வருகிற வாதத்துக்கு.

இதைப் பழக ரெம்பிராண்டின் ‘இரவுக் காவல்’ (1642) ஓவியத்தைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் 2019 ஜூலையில் தொடங்கிய ஆய்வில், பார்வையாளர்கள் கண்முன்னே கண்ணாடி அறைக்குள் வைத்து அதை ஸ்கேன் செய்தார்கள். ஒவ்வொன்றும் 24 மணி நேரம் பிடிக்கும் 56 ஸ்கேன்கள் என்பது திட்டம்.

அதில் ஆர்செனிக்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அது உமிழும் கதிர்களில் முக்கியமான கே-ஆல்ஃபா கோட்டின் ஆற்றல் 10.54 கிலோ எலெக்ட்ரான் வோல்ட். ஈயத்தின் எல்-ஆல்ஃபா 10.55. அந்தக் கால ஓவியத்தில் ஈய வெள்ளை இல்லாத இடம் அரிது. எனவே ‘ஆர்செனிக்’ என்று கொடுத்திருக்கும் படம் உண்மையில் ஈயத்தின் படமாகவே இருக்கலாம். 11.73-ல் ஆர்செனிக்கின் கே-பீட்டா தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். தெரிந்தால் சரி, ஆர்செனிக் உண்டு. ஆனால் ஸ்மால்ட் செய்யும் கோபால்ட் தாதுவிலும் ஆர்செனிக் இருக்கும். கோபால்ட், நிக்கல் படங்களும் அதே வடிவில் இருந்தால் அது ஸ்மால்ட்.

‘இரவுக் காவல்’ ஓவியத்தில் நிற்கும் லெப்டினன்ட் வான் ராய்டன்பர்க்கின் பொன்னிற உடை வேலைப்பாட்டில் ஆர்செனிக்கோடு சேர்ந்து வந்தது கந்தகம். அதாவது ஆர்செனிக் சல்ஃபைடு. மஞ்சள் அரிதாரமா, செந்நிற மனோசிலையா, மனோசிலைக்கு நெருங்கிய மஞ்சள் வகையான பாராரியல்கரா? மூன்றிலும் இதே இரண்டு தனிமங்கள்தான். எக்ஸ்ஆர்எஃப் இதற்கு மேல் பிரித்துச் சொல்லாது. நுண்ணிய மாதிரி எடுத்து, லேசர் ஒளி சிதறும் விதத்தை வைத்துச் சேர்மத்தைக் கண்டறியும் ராமன் நிறமாலை போன்ற முறைகளால் பார்த்த பிறகே பாராரியல்கர் என்று உறுதியானது. 2024-ல் முடிவு வெளிவந்தது.

விடையையும் இந்த வரிசையிலேயே எழுதுங்கள்: என்ன தெரிகிறது, வேறு எதுவாக இருக்கலாம், அதை எதனால் விலக்குகிறேன், மிச்சமிருக்கும் சந்தேகத்துக்கு எந்தச் சோதனை வேண்டும். ‘மனோசிலை’ என்ற ஒற்றைச் சொல்லைவிட ‘ஆர்செனிக் சல்ஃபைடு, வகையை உறுதிசெய்ய ராமன் தேவை’ என்பது எவ்வளவோ மேல்.

நீலம் கேட்காமல் விடமாட்டார்கள். அல்ட்ராமரைனில் இருப்பவை சோடியம், அலுமினியம், சிலிக்கன் போன்ற லேசான தனிமங்கள். அவற்றின் பலவீனமான கதிர்கள் வார்னிஷிலும் காற்றிலும் பெரும்பாலும் அடங்கிப்போகும். செம்பும் இல்லை, கோபால்ட்டும் இல்லை, ஆனால் கண்ணுக்கு நல்ல நீலம் என்றால் உடனே பிரதிபலிப்பு நிறமாலைக்குப் போங்கள். 600 நானோமீட்டர் பக்கம் தாழ்ந்து, 700-ஐத் தாண்டியதும் செங்குத்தாக ஏறினால் அல்ட்ராமரைன். செம்பு கொண்ட நீலமான அசுரைட்டின் வளைவு அப்படி ஏறாது. இந்த வளைவுகளைக் கையால் வரைந்து பழகுங்கள். திரையில் பார்ப்பது மட்டும் போதாது.

தாவரச் சாயங்களுக்குத் தனிமப் படம் அநேகமாக உதவாது. வெர்மீரின் ‘முத்துத் தோடு அணிந்த பெண்’ ஓவியத்தின் இருண்ட பின்னணி ஒரு காலத்தில் பச்சைத் திரைச்சீலை. 2018-ல் ஹேக் நகரின் மவுரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் நடந்த ஆய்வில் அதன் மடிப்புகளே தெரியவந்தன. இண்டிகோவும் வெல்ட் என்ற செடியின் மஞ்சள் சாயமும் கலந்த மெல்லிய பூச்சு அது. அப்படி ஒரு பகுதி வந்தால் வெறுமையான தனிமப் படத்தை ஒதுக்கிவிடாதீர்கள். உலோக நிறமி எதுவும் தெரியவில்லை என்பதையும் ஆதாரமாக எழுதி, அடுத்த சோதனையாக, கலந்திருக்கும் சாயங்களைத் தனித்தனியே பிரித்துக் காட்டும் திரவ நிறப்பிரிகையை நுண் மாதிரியில் கேளுங்கள்.