வயதுக்குச் சாட்சியாகக் காறை எலும்பு

பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளையின் வயது நீதவான் முன் கேள்வியாகும்போது, "ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடுமே" என்பார்கள். நுவரெலியா, பதுளைத் தோட்டப்பக்கங்களில் ஸ்கேனுக்கு முன் தேட வேண்டியது நிறைய இருக்கிறது. தோட்ட வைத்திய நிலையத்தின் பிரசவப் பதிவேடு, பாடசாலை அனுமதிப் பதிவு, ஞானஸ்நானப் பதிவு, கோயிலில் எழுதிய சாதகம் எல்லாவற்றையும் கேளுங்கள். லயத்து வீட்டில் தகரப்பெட்டிக்குள் மடித்து வைத்த தடுப்பூசி அட்டை கிடைத்தால், வயதைப் பொறுத்தவரை எந்த சிடி ஸ்கேன் படமும் அதற்கு ஈடாகாது.

ஒன்றுமே கிடைக்காவிட்டால் சட்ட வைத்திய அதிகாரி உடலையும் பல்லையும் பரிசோதித்து, இடது கையின் எக்ஸ்ரேயைப் பார்ப்பார். கை எலும்புகளின் வளர்ச்சித் தட்டுகள், அதாவது எலும்பு நீளும் குருத்தெலும்புப் பகுதிகள், எல்லாம் மூடியிருந்தால் மட்டுமே காறை எலும்புக்கு, அதாவது தோளையும் மார்பெலும்பையும் இணைக்கும் எலும்புக்கு, போவது முறை. மார்பெலும்போடு சேரும் அதன் உள்முனைதான் உடம்பில் கடைசியாக இணைகிறது. அதனால் அது 18, 21 போன்ற எல்லைகளுக்கு உதவும். வேலைக்கு அமர்த்தும் குறைந்தபட்ச வயதான 16 பற்றிய வழக்கில் இந்த ஸ்கேனால் பெரிதாகப் பயனில்லை.

சாதாரண நெஞ்சு எக்ஸ்ரேயில் விலா எலும்பும் முதுகெலும்பும் அந்த முனையின் மேல் விழுந்து மறைத்துவிடும். ஆகவே சிடி. சங்கிலி, தாலிக்கொடி, ஊசி எல்லாவற்றையும் கழற்றச் சொல்லுங்கள். உலோகத்தின் கோடுகள் சரியாக அந்த இடத்தில்தான் விழும். பெண்பிள்ளை என்றால் கர்ப்பமா என்று தனியாக, பதமாகக் கேட்க வேண்டும். முழு நெஞ்சும் வேண்டாம், இரண்டு உள்முனைகளும் போதும். கதிர்வீச்சு ஏறக்குறைய 0.6 மில்லிசீவர்ட் வரும்; இயற்கையில் நாம் ஓராண்டில் வாங்கும் சராசரி 2.4. குறைவுதான் என்றாலும், சிகிச்சைக்காக எடுக்கிற படம் இல்லையே, சம்மதம் கட்டாயம்.

சிடி எலும்பை மெல்லிய வெட்டுகளாகப் படமெடுக்கிறது; வெட்டுத் தடிமன் 1 மில்லிமீற்றர் அல்லது அதற்கும் குறைவாக இருக்க வேண்டும். பிழைகளில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. 5 மில்லிமீற்றரில் எடுத்தால் மெல்லிய இடைவெளி மங்கி, சேராத எலும்பு சேர்ந்ததுபோல் தெரியும். எலும்பின் விளிம்பைக் கூர்மையாகக் காட்டும் கணினி வடிகட்டியில் படத்தை மீளமைத்து, எல்லா வெட்டுகளையும் மேலிருந்து கீழாக ஓட்டிப் பாருங்கள். ஒரே வெட்டை வைத்துத் தீர்ப்புச் சொன்னால் பிழையாகிப்போகும்.

நிலைகள் ஐந்து. முதலில், உள்முனையில் தனியாக உருவாகிப் பின்னர் எலும்போடு ஒட்டும் முனைத்துண்டு தெரியாது. இரண்டாவதில் அரிசிக் குருணைபோல் தோன்றி, மெல்லிய செதிலாகப் பரவும், ஆனால் ஒட்டாது. மூன்றாவதில் ஒட்டத் தொடங்கும். நான்காவதில் முழுவதும் ஒட்டி, தழும்புபோல வெள்ளைக்கோடு நிற்கும். ஐந்தாவதில் அந்தக் கோடும் மறையும். மூன்றாம் நிலையை மேலும் பிரிக்கிறார்கள்: மூன்றிலொரு பங்குவரை ஒட்டினால் 3அ, மூன்றில் இரண்டு பங்குவரை 3ஆ, அதற்கும் மேல் 3இ. மெல்லிய வெட்டு சிடி ஆய்வுகளில் 3இ நிலை ஆண், பெண் இருபாலாரிலும் 19 வயதுக்கு முன் காணப்படவில்லை. 3அ, 3ஆ நிலைகள் 18 நிரம்பாதவர்களிலும் உண்டு. நான்காம் நிலை 21 வயதிலிருந்து தெரிகிறது.

மோசமான பொறி, ஒன்றும் ஐந்தும் ஒரேமாதிரித் தோன்றுவது: இரண்டிலும் தனித்துண்டு இல்லை. சிறு பிள்ளையை வளர்ந்தவர் என்று எழுதிவிடும் ஆபத்து இதில்தான். கை எக்ஸ்ரேயைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தப்பலாம். மணிக்கட்டு மூடாதவருக்கு ஐந்தாம் நிலை வராது. முனை கிண்ணம்போல் குழிந்தோ, மீன்வாய்போல் பிளந்தோ இருந்தால் நிலை சொல்லாமல் விட்டுவிடுங்கள்.

நம் தோட்டப் பிள்ளைகளைப் பற்றி ஒன்று. நீண்டநாள் போசாக்குக் குறைவு எலும்பு முதிர்ச்சியைப் பின்தள்ளும். 19 வயதுக்காரர் 3ஆ நிலையில் நிற்கலாம். ஆகவே 3ஆ என்பதை "18க்குக் குறைவு" என்று வாசிப்பது தவறு. 18 நிரம்பியதாக நிரூபிக்க முடியவில்லை, அவ்வளவே. மறுபக்கம், தைரொய்ட் மிகையாகச் சுரப்பது போன்ற சுரப்பிக் கோளாறும் பாலியல் ஹோர்மோன் வகை ஸ்டீரொய்ட் மருந்தும் எலும்பை முந்தவைக்கலாம் என்பதால், நோய் விபரம் கேட்காமல் அறிக்கை எழுதக்கூடாது.

அறிக்கையில் சராசரி வயதைப் போடாதீர்கள். நீதவானுக்கு வேண்டியது அந்த நிலை ஆய்வில் காணப்பட்ட குறைந்தபட்ச வயது. இரு பக்கத்து நிலையையும், வெட்டுத் தடிமனையும், எந்த ஆய்வோடு ஒப்பிட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள். இரண்டு பக்கமும் வேறுபட்டால், அந்த ஆய்வு எந்தப் பக்கத்தை எடுத்ததோ அதையே நீங்களும் எடுக்க வேண்டும்.