ஒரு மருந்துச் சீட்டுக்காக மூன்று நடை

அம்மாவுக்கு இருபது வருடச் சர்க்கரை. சிறுநீரில் புரதம் போகிறது என்று பலதுறை மருந்தகத்தில் சொல்லி, ரத்த அழுத்த மாத்திரையான லொசார்டானைக் கூட்டி, சர்க்கரைக்கும் சிறுநீரகத்துக்குமான டபாகிளிஃப்ளோசினும் கொடுத்தார்கள். எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி சொன்னதைக் கேட்டு அம்மா சின்சேயிடம் (சீன மருத்துவர்) போக ஆசைப்பட்டார். சிங்கப்பூரில் சீன மருத்துவர்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும். அதைச் சரிபார்த்துவிட்டுத்தான் கூட்டிப் போனேன். ஆனால் ரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்துப் போகவில்லை, சின்சேயும் கேட்கவில்லை.

இரண்டு மணிக்கட்டிலும் மும்மூன்று விரல் வைத்து நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். ஒரு வாரத்துக்குப் பதினான்கு பாக்கெட் கஷாயம், காலை ஒன்று, இரவு ஒன்று.

நான்காம் நாள் இரவில் அம்மா வயிற்றுப்போக்கால் ஐந்து முறை கழிவறைக்குப் போனார். உதடெல்லாம் காய்ந்துவிட்டது. மறுநாள் எடுத்த ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் ஏறும் அளவு) 132இலிருந்து 178. சிறுநீரக மருத்துவர் கஷாயத்தோடு டபாகிளிஃப்ளோசினையும் லொசார்டானையும் சில நாள் நிறுத்தச் சொன்னார். (வயிற்றுப்போக்கு, வாந்தி வந்தால் இந்த மாத்திரைகளைப் பற்றி உடனே டாக்டரைக் கேளுங்கள். எனக்கு அது தெரியாமல் இருந்தது.) அப்புறம் கேட்டார், "கஷாயத்தில் என்னென்ன இருக்கிறது?"

பாக்கெட்டில் அம்மாவின் பெயரும் தேதியும் மட்டும்தான்.

முதல் நடை: சின்சே இல்லை, கவுண்டரில் இருந்த பெண் "சனிக்கிழமை வாங்க" என்றார். இரண்டாவது நடை: ஒரு தாள் கிடைத்தது, அதில் கலவையின் பெயர் மட்டும் இருந்தது, மூலிகை ஒன்றுகூட இல்லை. எம்ஆர்டி ரயிலில் திரும்பும்போது அழுகையே வந்துவிட்டது. மூன்றாவது நடையில் சின்சே அறைக்கு வெளியே ஒரு மணி நேரம் உட்கார்ந்து, அவரையே எழுத வைத்தேன். பன்னிரண்டு மூலிகை, சீன எழுத்தில், கிராம் கணக்கோடு.

மருத்துவமனை மருந்தாளர் சீனம் படிப்பவர். விரலை வைத்துப் படித்துக்கொண்டே வந்தவர், "டா ஹுவாங், 9 கிராம்" என்ற வரியில் நிறுத்தினார். ருபார்ப் வேர், பேதி மருந்து. சிறுநீரக நோய்க்கு இதைச் சேர்ப்பது சீன மருத்துவத்தில் வழக்கம்தான், கழிவை மலத்தோடு இறக்குவது அவர்கள் கணக்கு. ஆனால் அம்மாவின் உடலில் தண்ணீர் வற்றினால் சிறுநீரகம் தாங்காது.

பெயரை எழுத்தில் வாங்குவது ஏன் முக்கியம் என்றும் அவர்தான் சொன்னார். 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் உடல் இளைக்க மூலிகை எடுத்த பெண்கள் நூறு பேருக்கு மேல் சிறுநீரகம் கெட்டது. ஃபாங் ஜி என்ற மூலிகை இருக்க வேண்டிய இடத்தில், பெயர் ஒத்த குவாங் ஃபாங் ஜி கலந்திருந்தது. அதில் அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கிறது, அது சிறுநீரகத்துக்கு நஞ்சு.

போகிறவர்கள் முதல் நாளே மூலிகைப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் கஷாயத்தை வாங்காதீர்கள். குடிக்கும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை, இரண்டு வாரம் கழித்து இன்னொன்று. அதிமதுரம் (கான் சாவ்) இருக்கிறதா என்றும் பாருங்கள், ரத்த அழுத்தத்தை ஏற்றும். டாக்டர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தவே கூடாது.

மூன்று வாரத்தில் கிரியாட்டினின் 135க்கு இறங்கியது. அந்த ரத்தப் பரிசோதனைத் தாளோடு சின்சேயிடம் போனேன். நிதானமாகப் படித்தார், ஒரு நகல் எடுத்துக்கொண்டார். "உங்கள் அம்மாவுக்குக் கஷாயம் வேண்டாம், முழங்கால் வலிக்கு அக்குபங்சர் ஊசி மட்டும் போடலாம்" என்றார்.