ட்ரில் பிட் சொல்லும் ஆண்டு

ஹார்டுவேர் கடைக் கண்ணாடிப் பெட்டியில் இன்று ட்ரில் பிட்டுகள் வரிசையாக. அங்குலத்தை 64 பங்காக்கிய அளவுகள்.

இதே பிட்டுகளை வைத்துத்தான் அமெரிக்காவின் பழைய குடியேற்ற வீடுகளுக்கு வயது பார்க்கிறார்கள்.

அந்த வீடுகளின் வாசலோரத்திலும் குப்பைக்குழியிலும் கொட்டிக் கிடப்பவை வெள்ளைக் களிமண் புகைக்குழாய்த் துண்டுகள். மலிவு. சட்டென்று உடையும். பெருக்கித் தள்ளிவிடுவார்கள்.

1954இல் தொல்லியலாளர் ஹாரிங்டன் காட்டியது: காலம் போகப்போக, குழாய்த் தண்டில் புகை போகும் துளை சிறுத்திருக்கிறது. 1620–1650இல் பெரும்பாலும் 8/64 அங்குலம். 1710–1750இல் 5/64. அதற்குப் பின் 4/64.

முதலில் துளையில் அடைந்த மண்ணை எடுக்க வேண்டும். பிட்டின் வெட்டுமுனையை நுழைத்தால் களிமண்ணைச் சுரண்டிவிடும், வழவழப்பான அடிப்பக்கத்தைத்தான் நுழைக்க வேண்டும். உள்ளே போகும் மிகப் பெரிய அளவே கணக்கு.

பிறகு இன்னொரு தொல்லியலாளர் பின்ஃபோர்டின் சூத்திரம்: எல்லாத் துண்டுகளின் துளை அளவுக்கும் (64இல் எத்தனை பங்கு என்பதற்கு) சராசரி எடுத்து, அதை 38.26ஆல் பெருக்கி, 1931.85இலிருந்து கழிக்க வேண்டும். சராசரி 5.5 என்றால் 1721.

நாலைந்து துண்டுகளை வைத்து ஆண்டு சொல்பவரை நான் நம்பமாட்டேன். 1780க்குப் பிந்தைய துண்டுகளுக்கும் இது உதவாது.

இன்னொன்று, வருவது சராசரி ஆண்டு. வீடு கட்டிய ஆண்டு அல்ல. இரண்டு காலத்துக் குப்பை ஒரே குழியில் கலந்திருந்தால், அங்கே யாருமே குடியிருக்காத ஓர் ஆண்டுகூட நடுவில் வந்து நிற்கும்.